கண்ணாடிமேல் மூன்று கீறல்கள்

என் சித்தி வாட்ச் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அடுத்தவர் வாய்வைத்த தம்ளரை அவள் எத்தனை முறை கழுவினாலும் மறுபடி எடுக்கமாட்டாள். பஸ்ஸில் வந்து இறங்கினால் வீட்டுக் கதவை முழங்கையால்தான் தள்ளுவாள். "உங்க சித்தி காத்தைக் கழுவிக் காயப்போட்டுட்டுத்தான் மூச்சே விடுவா" என்பார் சித்தப்பா. அவர் வேலை பார்த்த அச்சகத்தை இழுத்து மூடியதும், அந்தச் சித்திதான் கண்டவர் கையில் கட்டிக் கழற்றிய வாட்ச்சுகளைத் துடைக்கப் போனாள்.

கடை ஒரு பழைய வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில், மாடிப்படி திரும்பும் இடத்தில் இருந்தது. முதலாளி, மெக்கானிக், சித்தி என்று மூன்றே பேர். வாட்ச்சின் உள்ளே இருப்பதெல்லாம் மெக்கானிக்குடையது. வெளியே இருப்பதெல்லாம் சித்தியுடையது: பட்டை, மூடி, மேலே இருக்கும் கண்ணாடி.

வெளியே என்ன இருக்கும் என்று சித்தி எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகவேண்டும். பட்டை மூடியோடு சேரும் மூலையில் ஊசியை விட்டுக் கிளறினால் கறுப்பு மெழுகு மாதிரி திரண்டு வருமாம். வியர்வை, செத்த தோல், சோப்பு, தலைக்குத் தேய்த்த எண்ணெய், மூக்கைத் துடைத்த கை, எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கில் இறுகியது. "ஒருத்தன் மணிக்கட்டுலயே இவ்வளவுன்னா மீதி உடம்பை நினைச்சுப் பாரு" என்பாள். நாங்கள் நினைத்துப் பார்க்க விரும்பியதில்லை.

ஆனால் அந்த அருவருப்பினால்தான் அவள் வேலையில் கெட்டிக்காரியானாள். அழுக்கு ஒரு இழை மிச்சமிருந்தாலும் அவளுக்கு உடம்பு கூசும். அதனால் மிச்சம் வைக்கமாட்டாள். ஆறு மாதத்தில் பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் எடுப்பதற்கு அந்த வட்டாரத்திலேயே சித்திதான் என்று ஆகிவிட்டது.

அசல் கண்ணாடியில் விழுந்த கீறலை அப்படிச் சுலபமாக எடுக்கமுடியாது, மாற்றத்தான் வேண்டும். பிளாஸ்டிக் என்றால் எடுக்கலாம். நகத்தால் தட்டினாலே சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பிளாஸ்டிக் மந்தமாக 'தொப்' என்னும். சித்தி முதலில் சுற்றியிருக்கும் உலோக விளிம்பில் டேப் ஒட்டுவாள். பிறகு மிக நைசான உப்புத்தாளை ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பாள். கண்ணாடி முழுக்கப் பால் படர்ந்த மாதிரி மங்கிப்போகும். முதன்முதலில் பார்க்கிறவர்கள் பதறிவிடுவார்கள், வாட்ச்சைக் கெடுத்துவிட்டாளே என்று. அதன்பின் பாலிஷ் பசையைப் பருத்தித் துணியில் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாக, ஒரே இடத்தில் சூடேறாமல் தேய்க்கத் தேய்க்க, மங்கல் விலகி முள் தெரியும், எண் தெரியும், கடைசியில் கண்ணாடி இருப்பதே தெரியாது. "கீறலை யாரும் அழிக்கிறதில்லடி" என்று ஒருமுறை சொன்னாள். "கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு மத்த இடத்தையும் தேய்ச்சு இறக்குறோம். அவ்வளவுதான்."

வீட்டில் பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவருகிறவர்கள்மேல் அவளுக்குத் தனிக் கோபம். விளிம்பெல்லாம் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். "வாயில வைக்கிற பிரஷ்ஷாலயே தேய்ச்சிருப்பான், சந்தேகமே வேண்டாம்" என்பாள். தேய்த்த பிரஷ்ஷைத் திரும்ப வாயிலும் வைத்திருப்பான் என்பது அவளது அடுத்த கவலை.

இப்படி எல்லா வாடிக்கையாளர்மேலும் முகம் சுளித்துக்கொண்டிருந்த சித்திக்கு ஒரே ஒருவனைப் பிடித்தது. வெள்ளைச் சட்டை என்று பேர் வைத்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருப்பான். சலவைச் சட்டை, ஒட்ட வெட்டிய நகம், சோப்பு வாசனை. அவன் கொண்டுவரும் வாட்ச்சுகள் மெல்லிய காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றியிருக்கும். மூலை முடுக்கெல்லாம் அவனே துடைத்திருப்பான். மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும். எல்லாமே பழசு, எல்லாமே பிளாஸ்டிக் கண்ணாடி. பழைய சாமான் சந்தையில் வாங்கி, சரிபண்ணி விற்கிறேன் என்றான். சித்தி பாலிஷ் போட்டதும் பெரும்பாலும் முதலாளியே அவற்றை வாங்கி முன்னால் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவார்.

"மனுஷன்னா அப்படி இருக்கணும்" என்றாள் சித்தி. "தொட்டா கையைக் கழுவணும்னே தோணலை."

அவள் யாரையும் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

அவன் கொண்டுவந்ததில் நான்காவது வாட்ச் அவளைக் கொஞ்சம் படுத்திவிட்டது. சாதாரணமாகக் கீறல் என்றால் கன்னாபின்னாவென்று இருக்கும். இதில் விளிம்போரமாக மூன்று கோடுகள் மட்டும் பிளேடால் அறுத்த மாதிரி ஆழமாக இருந்தன. எட்டாம் எண்ணுக்கு நேராக இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். இரண்டாம் எண்ணுக்கு நேராக ஒன்று. மூன்றும் ஒரே நீளம். அன்று மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில் மூன்றையும் அடியோடு எடுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. மெக்கானிக்கே வாங்கிப் பார்த்துவிட்டு, "பொறந்த குழந்தை மாதிரி இருக்கு" என்றாராம். சித்தி அதை வீட்டில் மூன்று முறை சொன்னாள்.

ஐந்து மாதம் கழித்து வெள்ளைச் சட்டை பதினோராவது வாட்ச்சைக் கொண்டுவந்தான். வேறு கம்பெனி, வேறு அளவு, பட்டை ஏறக்குறையப் புதுசு. சித்தி காகிதத்தைப் பிரித்தாள். கண்ணாடியில் வேறு ஒரு கீறலும் இல்லை. எட்டுக்கு நேராக இரண்டு கோடு, இரண்டுக்கு நேராக ஒரு கோடு.

"அதே கோடுடி" என்றாள் பிறகு. "வாட்ச் வேற, கீறின கை ஒண்ணு. ஒரே ஆள்கிட்டேருந்து ரெண்டு தடவை வந்திருக்கு."

அவள் அவனையே கேட்டாள்.

"தம்பி, இந்தக் கோடெல்லாம் எப்படி விழுது?"

"அது ஒண்ணுமில்லக்கா. கெழவனுங்க சும்மா இருக்கமாட்டாங்க. எதையாவது கீறிக்கிட்டே இருப்பாங்க."

"எந்தக் கெழவனுங்க? சந்தையில வாங்கறேன்னுதானே சொன்னே?"

அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு சிரித்தான். "சில பேர் பிரியப்பட்டுக் குடுக்கறாங்கக்கா. நல்லாப் பாத்துக்கறேன்ல. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கறேன்." அவ்வளவுதான், படியிறங்கிப் போய்விட்டான்.

சித்தி வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். முதலாளி தலையைத் தூக்காமலே பேசினார்.

"பஸ் டிப்போவுக்குப் பின்னாடி முதியோர் இல்லம் இருக்குல்ல, அங்கதான் வேலை பாக்கறான். அதுக்கென்ன இப்போ?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஏம்மா, நாம பாலிஷ் போடறவங்க. போலீஸ் வேலை பாக்கறவங்க இல்ல. அங்க இருக்கறவங்களுக்கு மணி தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? எந்த ரயிலைப் பிடிக்கப்போறாங்க?"

மெக்கானிக் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. சித்தி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். துணி, பசை, உப்புத்தாள் எல்லாம் இருந்தன. எதையும் தொடப் பிடிக்கவில்லை. அந்தச் சோப்பு வாசனை இன்னும் காகிதத்தில் இருந்ததாம். அதை மோந்ததும் எச்சில் ஊறி, வாயைப் பொத்திக்கொண்டு வளாகத்துக் கழிவறைக்கு ஓடினாள். நாற்றத்துக்குப் பயந்து அதுவரை அவள் கால்வைக்காத கழிவறை அது.

மறுநாள் அவளுக்கு வாராந்தர விடுமுறை. வாட்ச்சைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். வாசலில் இருந்தவரிடம், மாமியாரைச் சேர்க்கவேண்டும், இடம் பார்க்கவேண்டும் என்றாள். மாமியார் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. "உயிரோட இருந்தப்ப அவங்களால எனக்கு ஒரு உபகாரமும் இல்ல, அன்னைக்கு ஒருநாள் உதவினாங்க" என்று சொல்லிச் சித்தப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

உள்ளே நீளமான நடைவழி. பினாயில், அதன் கீழே மூத்திரம், அதன் கீழே ஆறிய சோறு. சித்தி கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டாள். சுவரோரமாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களின் மணிக்கட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தாள். பாதிப் பேரின் இடது கையில் வாட்ச் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது, வாட்ச் இல்லை.

"இங்க வாட்ச்ல கோடு போட்டுக்கறவர் யாராவது இருக்காங்களா?" என்று ஒரு கிழவியிடம் கேட்டாள்.

"லேப்காரரா? கடைசி ரூம்."

லேப்காரர் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். கட்டிலில் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் தம்ளரில் ஆணியால் அளவுக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் காலைச் சாப்பாடு காய்ந்திருந்தது. புருவத்தில் தையல் போட்ட தழும்பு. சித்தி வாட்ச்சை நீட்டினாள். அவர் வாங்கி, கண்ணாடியை முன்பல்லில் இரண்டு தட்டுத் தட்டி, பிளாஸ்டிக்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, எச்சில் ஈரத்தோடு சட்டையில் துடைத்தார். சித்தி ஒரு அடி பின்வாங்கினாள்.

"என்னோடதுதான். எங்க கிடைச்சுது?"

"அது இருக்கட்டுங்க ஐயா. இது என்ன கோடு?"

"மாத்திரை. எட்டு மணி மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதான் ரெண்டு கோடு. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒண்ணு. சின்ன முள்ளு கோட்டுக்கு வந்தா போடணும். மையில போட்டா அழிஞ்சுடும், கீறினா அழியாதுல்ல."

சித்தி குனிந்து அந்தக் கோடுகளை மறுபடி எண்ணினாள்.

"இதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துது. அது காணாமப் போனப்ப மணி தெரியாம, போட்ட மாத்திரையையே திரும்பப் போட்டுட்டேன். தலை சுத்தி இந்த நடைவழியிலதான் விழுந்தேன்." புருவத்தைத் தொட்டுக் காட்டினார். "நாலு தையல். அப்புறம் பொண்ணு இதை வாங்கிக் குடுத்தா."

"யார் எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. குளிப்பாட்டறவன்தான். குளிக்கறப்ப கழட்டி வாங்கி வைப்பான். திரும்பக் கட்டறப்ப இருக்காது. கேட்டா, தாத்தா நீங்க இன்னைக்குக் கட்டவே இல்லையே, மறந்துட்டீங்களாம்பான். இங்க எல்லாரும் மறக்கறவங்கதானே. நாலு தடவை சொன்னா எனக்கே சந்தேகம் வந்துடும்."

அந்தச் சுத்தமான கைகள் எப்படிச் சுத்தமாயின என்று சித்திக்கு அப்போதுதான் புரிந்தது. நாள் முழுக்க வயசானவர்களைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிற கைகள். அவனை வீட்டில் வந்து புகழ்ந்ததை நினைத்து நாக்கையே கழுவவேண்டும் போலிருந்தது என்றாள்.

"ஆபீஸ்ல சொல்றேன்" என்று திரும்பினாள்.

"சொல்லாதேம்மா" என்றார் லேப்காரர். "அவன் ஒருத்தன்தான் வெந்நீரைத் தன் கையில ஊத்திப் பாத்துட்டு நம்ம மேல ஊத்துவான். மத்தவனெல்லாம் அப்படியே ஊத்திடறான். போன மாசம் ஒருத்தருக்குத் தோளு வெந்துபோச்சு. வாட்ச் போனா போகுது."

சித்தி வாட்ச்சை அவரிடமே விட்டுவிட்டு வெளியே வந்தாள். யார்மேல் காறித் துப்புவது என்றே தெரியவில்லை என்று எங்களிடம் சொன்னாள். திருடினவன்மேலா, அவனைவிட மோசமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்மேலா, மணி தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற முதலாளிமேலா. அந்த வரிசையில் கடைசியில் வந்து நின்றது தானேதான் என்றாள். லேப்காரரின் முதல் வாட்ச்சிலிருந்து கோடுகளை எடுத்தவள் அவள். ஒரு கோடும் தெரியாதபடி எடுத்ததற்காகப் பெருமைப்பட்டவளும் அவள்.

லேப்காரர் தடுத்தும் அவள் ஆபீஸுக்குப் போய்ச் சொன்னாள். நிர்வாகி அம்மாள் முதலில் மழுப்பினாள். வயசானவர்கள் எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள், பணியாளர்கள் நல்லவர்கள், எழுதிக் கொடுங்கள், விசாரிக்கிறோம்.

"மொத்தம் பதினொண்ணு" என்றாள் சித்தி.

"அதெப்படி இவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"பத்தை நான்தானே தேய்ச்சேன். ஒண்ணுதான் பாக்கி."

நிர்வாகியின் அறைக்கு எதிரே கூடம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள். சித்தி யாரையும் கேட்காமல் கூடத்தின் நடுவில் போய் நின்றாள். வாட்ச்சின் பேரோ விலையோ அவளுக்கு நினைவில்லை. வெள்ளைச் சட்டை துடைத்தும் மிச்சமிருந்த அழுக்கும், கீறலும் நினைவிருந்தன. ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"சின்ன வாட்ச், பொம்பளைங்க கட்டறது. கண்ணாடியில ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கும், வளையல் உரசி. மூலையில பவுடர் வாசனை."

ஒரு கிழவி கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அது என்னோடது."

"பெரிய வட்டம். பன்னெண்டுக்குக் கிட்ட நட்சத்திரம் மாதிரி குத்து."

"சுத்தியல் பட்டது" என்றது ஜன்னலோரக் குரல். "தச்சு வேலை பாத்தேன்."

"குறுக்கே நீளமா ஒரே கீறல். பட்டை ஓட்டையில தைலம் அடைச்சிருந்துது."

"அவருது" என்று ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரைக் காட்டினார். அவருக்குப் பேச வராது. அவர் தன் வெறும் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். எச்சில் முகவாயில் வழிந்துகொண்டிருந்தது. சித்தி கைக்குட்டையை எப்போது மூக்கிலிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பதினொன்றில் எட்டுக்கு ஆள் அங்கேயே இருந்தார்கள். இரண்டு மாதம் முன்பு இறந்துபோன ஒருவருடையது ஒன்று. இரண்டுக்கு யாரும் வாய் திறக்கவில்லை. மறந்திருக்கலாம். நிர்வாகி அம்மாள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எழுதிக் கொடுங்கள் என்று அவள் சொல்லவில்லை.

வெள்ளைச் சட்டையை அன்றே நிறுத்தினார்கள். புகார் போனது. காவல்நிலையத்திலிருந்து கடைக்கு ஆள் வந்தபோது முதலாளி பெட்டியிலிருந்த நான்கு வாட்ச்சுகளைத் தானாகவே எடுத்துக் கொடுத்து, தன்னைப்போல் ஏமாந்தவன் உலகத்திலேயே இல்லை என்றாராம். மற்ற ஆறும் விற்றுப்போயிருந்தன. சித்தி மறுநாளிலிருந்து அந்த மாடிப்படி ஏறவில்லை. "கூப்பிட்டு வேலையை விட்டு எடுக்கறதுக்குக்கூட அந்த ஆளுக்கு நான் வாய்ப்புக் குடுக்கலை" என்பாள். பல நாள் கையைக் கழுவிக் கழுவி விரலிடுக்கில் தோல் வெடித்துப்போயிற்று. சித்தப்பா இந்த முறை கேலி செய்யவில்லை. களிம்பு வாங்கி வந்து கொடுத்தார்.

சில வாரம் கழித்து பஸ் நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டை அவளைப் பார்த்துவிட்டான். வேறு எங்கோ வேலை தேடிக்கொண்டிருந்தான்.

"நீங்களாக்கா இப்படிப் பண்ணீங்க" என்றான். "நான் அவங்களை எப்படிப் பாத்துக்கிட்டேன்னு போய்க் கேட்டுப் பாருங்க."

"கேட்டேன்" என்றாள் சித்தி. "நல்லாப் பாத்துக்கிட்டதாத்தான் சொன்னாங்க. அதுதான் எனக்குக் குமட்டுது."

அவன் முகம் சுருங்கிவிட்டது. வந்து நின்ற பஸ் தன்னுடையதா என்றுகூடப் பார்க்காமல் அவள் ஏறிவிட்டாள். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தாள்.

இப்போது அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். மூக்குப் பட்டையில் படியும் பச்சைக் களிம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். சொல்லவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இல்லத்துக்கு ஒருமுறைதான் மறுபடி போனாள், நானும் கூடப் போனேன். லேப்காரர் அவளைப் பார்த்ததும் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைத் தோள்பட்டைவரை தூக்கிக் காட்டினார். தோள் வெந்து சிவந்திருந்தது.

"புதுசா ஒருத்தன் வந்திருக்கான்" என்றார். "நல்ல பையன்தான். எதையும் எடுக்கமாட்டான்."

சித்தி நேராக நிர்வாகியின் அறைக்குப் போனாள். வெந்நீரைப் பற்றி அவள் போட்ட சத்தம் கூடம்வரை கேட்டது. சரி, சொல்லிவைக்கிறோம் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்கார இடம் இருந்தும்.

"சொல்லிவைப்பாங்களா சித்தி?" என்று கேட்டேன்.

"மாட்டாங்க" என்றாள். "அடுத்த வாரம் போன் பண்ணிக் கேக்கணும்."